160 ஏக்கரும் 20 அங்குல மழையும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தில் 1880களில் எடுத்த ஒரு புகைப்படம். மாடுகள், வண்டி, வெட்டவெளி. நடுவில் ஹில்டன் என்ற விவசாயியின் குடும்பம் நல்ல உடை உடுத்தி நிற்கிறது. பக்கத்தில், மண் தரையில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன் பெட்டி ஒன்று. வீட்டுக்குள் இருக்க வேண்டிய சாமான் ஏன் வெளியே வந்தது? படமெடுத்த சாலமன் புட்சர் அதற்கான காரணத்தைச் சொல்லியிருக்கிறார். கிழக்கே இருக்கும் உறவுக்காரர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். ஆனால் இன்னும் மண்கட்டி வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆர்கன் வாங்கியிருப்பது மட்டும் தெரிய வேண்டும். அதனால் பெட்டியை வெளியே தூக்கி வைத்து, வீடு படத்தில் விழாதபடி எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பெட்டியை மறுபடி உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

புட்சரே 1880இல் இங்கே நிலம் கேட்டு வந்தவர்தான். இரண்டு வாரம் இருந்து பார்த்தார், போதும்டா சாமி என்று நிலத்தை விட்டுவிட்டார். 1886இலிருந்து கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்கம்பக்கத்துக் குடும்பங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் அவர் எடுத்த 3000க்கும் மேற்பட்ட படங்கள்தான், அந்தப் புல்வெளியை முதலில் உழுதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இன்று இருக்கும் சாட்சிகளில் முக்கியமானவை. இந்த மனிதர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய துணிச்சலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். துணிச்சல் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு ஒரு கணக்குப் பிழையால் வந்தது என்றே நினைக்கிறேன். அரசு கொடுத்த நிலத்தின் அளவும் அந்த மண்ணில் பெய்த மழையின் அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

குடியேறி உழுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டது 1862 மே 20 அன்று. அதற்கு முன்பும் இப்படி ஒரு மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்டியது, 1860இல் ஜனாதிபதி புக்கானன் அதை நிராகரித்தார். சொந்தக் கையால் உழும் சிறு விவசாயிகள் மேற்கே நிறைந்துவிட்டால் அடிமை முறை அங்கே பரவ வழியில்லை என்று தென் மாநிலத்தார் பயந்தார்கள். அவர்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தடுக்க ஆளில்லை. சட்டம் எளிமையானது. 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர், குடிமகன் அல்லது குடிமகனாக விருப்பம் தெரிவித்தவர், அமெரிக்காவுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதவர் – இந்தத் தகுதிகள் எல்லாம் உள்ள யாரும் 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து காட்டினால் பட்டா. கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் தங்கள் பெயரிலேயே நிலம் கேட்கலாம் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். புட்சரின் படங்களில் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர் ஒரு மண்வீட்டின் முன்னால் குதிரைகளோடு நிற்கும் படம் பிரபலம். மூத்தவர்கள் முதலில் விண்ணப்பித்தார்கள். இளையவர்கள் வயது வரும்வரை காத்திருந்தார்கள்.

சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு தாண்டியதுமே நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தைத் திறக்க வைத்து டேனியல் ஃப்ரீமன் என்பவர் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார் என்று சொல்வார்கள். பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த நிலம் இன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது.

160 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1785ஆம் ஆண்டின் நில ஆணை அமெரிக்காவின் மேற்குப் பகுதியைச் சதுரம் சதுரமாக வெட்டச் சொன்னது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 துண்டுகள். ஒரு துண்டு 640 ஏக்கர், அதில் கால்வாசி 160. ஒஹாயோவிலும் இல்லினாயிலும் மழை தாராளமாகப் பெய்யும். அங்கே 160 ஏக்கர் ஒரு குடும்பம் வசதியாக வாழப் போதும், சிலருக்கு மிச்சம்கூட. அந்த அனுபவத்தில்தான் அளவு முடிவானது. ஆறு எங்கே ஓடுகிறது, மேடு எங்கே, மண் எப்படி என்று கோடு போட்டவர்கள் கவலைப்படவில்லை. குடியேற வந்தவர்கள் சர்வே கல்லைத் தேடிப் பிடித்து, வண்டிச் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணித் தங்கள் எல்லையைக் கண்டுபிடித்தார்கள்.

சதுரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த பலர் ஊர் கூடி வாழ்ந்து, காலையில் வயலுக்குப் போய் மாலையில் திரும்பியவர்கள். இங்கே அவரவர் நிலத்தில் அவரவர் குடியிருந்தால்தான் பட்டா. எனவே அடுத்த வீடு பெரும்பாலும் அரை மைல் தள்ளி, பல இடங்களில் இரண்டு மூன்று மைல் தள்ளி. பக்கத்து மாநிலமான கான்சஸுக்கு வந்த மென்னொனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பழைய வழக்கப்படி தெரு அமைத்து ஊராக வாழ்ந்து பார்த்தார்கள், சில வருடங்களில் அது கலைந்துபோனது. புல்வெளிப் பெண்களின் தனிமையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். காற்றும் வெறுமையும் காரணம் என்பார்கள். சர்வேக்காரர் நிலம் அளந்த சங்கிலிக்கும் அதில் பங்குண்டு.

இது யாருடைய நிலம் என்று கேட்காமல் மேலே போக முடியாது. சட்டம் 'பொது நிலம்' என்று சொன்னதெல்லாம் பழங்குடிகளிடமிருந்து ஒப்பந்தத்தாலும் மிரட்டலாலும் போராலும் வாங்கியது. கையெழுத்தான அதே 1862இல், மினசோட்டாவில் ஒப்பந்தப்படி வர வேண்டிய பணம் தாமதமாகி, பட்டினியில் கிடந்த டகோட்டா மக்கள் போருக்குக் கிளம்பினார்கள். அவர்களில் 38 பேரை டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். ஹோம்ஸ்டெட் சட்டம் நடைமுறைக்கு வர அப்போது ஒரு வாரம்கூட இல்லை. நெப்ராஸ்காவில் நூற்றாண்டுகளாக மக்காச்சோளம் பயிரிட்டு, எருமை வேட்டையாடி வாழ்ந்த பாவ்னி மக்கள் 1870களின் நடுவில் தெற்கே இந்தியன் டெரிட்டரிக்கு (இன்றைய ஓக்லஹோமா) நகர்த்தப்பட்டார்கள். கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் தோலுக்காகச் சுடப்பட்டு, 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகிவிட்டன. குடியேறியவர்கள் பலருக்குக் கையில் வந்த முதல் காசு, புல்லில் சிதறிக் கிடந்த அந்த எருமைகளின் எலும்பைப் பொறுக்கி ரயில் நிலையத்தில் விற்றதில் கிடைத்தது. உரம் செய்ய வாங்கினார்கள். அடுப்பெரிக்கவும் எருமையின் காய்ந்த சாணம்தான். எருமைச் சாணம் தீர்ந்ததும் மாட்டு வறட்டி, அதுவும் போதாத இடங்களில் முறுக்கிய வைக்கோல், மக்காச்சோளத் தக்கை.

விறகு ஏன் இல்லை? புல்வெளியில் ஆற்றோரம் தவிர வேறெங்கும் மரம் கிடையாது. மரமில்லாத இடத்தில் வீடும் வேலியும் கட்டுவதற்கு அதுவரை அமெரிக்க விவசாயிக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் புல்லே கைகொடுத்தது. ஆயிரக்கணக்கான வருடங்கள் உழாத மண். வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. அதற்கென்று செய்த ஒரு கலப்பை மண்ணைப் புரட்டிப் போடாமல் நீளப் பட்டையாகச் சீவிக்கொண்டு போகும். ஓரடி அகலம், நாலு அங்குல கனம். அதை மண்வெட்டியால் இரண்டு மூன்று அடித் துண்டுகளாக வெட்டி, புல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி செங்கல் போல அடுக்குவார்கள். வெட்டிய அன்றைக்கே அடுக்கிவிட வேண்டும், காய்ந்தால் உதிரும். சாதாரண வீடு ஒன்றுக்கு அரை ஏக்கர் தரை வேண்டும். சுவர் இரண்டடிக்கும் மேல் தடிமன். உட்புறத்தை மண்வெட்டியால் சீவிக் களிமண் பூசுவார்கள், வசதியுள்ளவர்கள் சுண்ணாம்பு அடிப்பார்கள். செலவு கதவு, ஜன்னல், ஆணி, அடுப்பின் புகைக்குழாய் இவற்றுக்கு மட்டும். 'நெப்ராஸ்கா பளிங்கு' என்று அவர்களே கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் கதகதப்பு, காட்டுத்தீ வந்தால் தப்பிக்கும், சூறைக்காற்று அசைக்காது. இத்தனை நன்மையையும் கூரை கெடுத்தது. உத்தரத்தின் மேல் கிளைகள், அதன்மேல் மறுபடி மண்கட்டி. மழை பெய்தால் ஒழுகும், மழை நின்ற பிறகும் ஒழுகும். சமைக்கும்போது ஒருவர் அடுப்புக்குக் குடை பிடித்ததாக நினைவுக் குறிப்புகளில் வருகிறது. மண்ணும் பூச்சியும் தட்டில் விழாமலிருக்கக் கூரைக்குக் கீழே மெல்லிய துணியைக் கட்டினார்கள். பாம்பு அந்தத் துணியில் விழுந்து கிடப்பதும் உண்டு. நல்ல பராமரிப்பு இல்லாவிட்டால் ஆறேழு வருடத்தில் வீடு சரிந்துவிடும். ஹில்டன் வீட்டார் ஏன் அதைப் படத்தில் காட்டவில்லை என்பது புரிகிறது. ஆனாலும் எனக்கு அந்த வீடுகள்மேல் ஒரு மரியாதை. அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான வீடு பிறகு யாரும் கட்டவில்லை. ரயில் வந்து மரப்பலகை கிடைத்ததும் கட்டிய மெல்லிய சுவர் வீடுகளில் குளிர் தாங்காமல் நடுங்கியவர்கள் ஏராளம்.

வயலுக்கு வருவோம். வீட்டுக்குச் சுவராக நின்ற அதே வேர்தான் உழவுக்கு எதிரி. பழைய வார்ப்பிரும்புக் கொழுவில் புல்வெளி மண் ஒட்டிக்கொள்ளும், இரண்டடிக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். இல்லினாயில் கொல்லராக இருந்த ஜான் டீர் 1837இல் பளபளப்பான எஃகுக் கலப்பையைச் செய்த பிறகுதான் அது சாத்தியமானது. அப்போதும் பல ஜோடி எருது கட்டி இழுக்க வேண்டியிருந்தது. முதல் வருடம் சில ஏக்கர்தான் உழ முடியும். உழுது கவிழ்ந்த மண்ணைக் கோடாலியால் கொத்தி, பிளவில் மக்காச்சோள விதையைப் போட்டு மிதித்துவிடுவார்கள். மண் மக்கிப் பதப்படவே ஒரு வருடம் ஆகும். நிலம் இலவசம் என்றாலும் எருது, கலப்பை, வண்டி, கிணறு, முதல் அறுவடை வரை சாப்பாடு என்று சில நூறு டாலர் இல்லாமல் தொடங்க முடியாது. இந்தக் காசில்லாத நகரத்து ஏழைக்கு இந்தச் சட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. ஏற்கெனவே ஓரளவு விவசாயம் தெரிந்த, கொஞ்சம் கையிருப்பு உள்ள குடும்பங்கள்தான் பெரும்பாலும் வந்தன.

கிணறு தனிக் கதை. ஆற்றோர நிலம் முதலில் வந்தவர்களுக்குப் போய்விட்டது. மேட்டு நிலத்துக்காரர்கள் நூறடி, இருநூறடி கையால் தோண்ட வேண்டும். ஒருவர் உள்ளே, மேலே ஒருவர் உருளையில் வாளியை இழுப்பவர். மண் சரிந்தும் விஷக்காற்று தாக்கியும் செத்தவர்கள் உண்டு. தோண்ட முடியாதவர்கள் பீப்பாய்களில் மைல் கணக்கில் தண்ணீர் இழுத்தார்கள். கனெக்டிகட்டைச் சேர்ந்த டேனியல் ஹாலடே 1854இல், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தானே திரும்பி, அதிகமாக அடித்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் காற்றாலையைக் கண்டுபிடித்திருந்தார். அதன் விலை குறைந்து எல்லார் கைக்கும் வர இருபது வருடத்துக்கும் மேலானது. வேலிக்கும் அப்படித்தான். மரம் இல்லை, மாடுகள் பயிரை மேய்கின்றன. ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பிதான் அதற்கு வழி செய்தது.

ஐந்து வருடம் முடிந்ததும் நில அலுவலகத்தில் நிரூபிக்க வேண்டும். முதலில் பத்திரிகையில் அறிவிப்பு, பிறகு இரண்டு அண்டை வீட்டார் சாட்சி. இங்கே தில்லுமுல்லுகளும் நடந்தன. '12க்கு 14' வீடு கட்டியிருக்கிறேன் என்று சத்தியம் செய்வார்கள். அடியா அங்குலமா என்று சொல்ல மாட்டார்கள், பொம்மை வீடு ஒன்று நிலத்தில் நிற்கும். சக்கரம் வைத்த வீட்டை வாடகைக்கு எடுத்து நிலம் நிலமாக நகர்த்திய கதையும் உண்டு. மாட்டுப் பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களின் பெயரில் ஆற்றோர நிலத்தை வளைத்தது நிஜம். இவற்றை வைத்து ஹோம்ஸ்டெட் சட்டமே பெரிய மோசடி என்று எழுதிய காலம் ஒன்று இருந்தது. நெப்ராஸ்காவின் நிலப் பதிவேடுகளை அண்மையில் ஒவ்வொன்றாகப் படித்த ஆய்வாளர்கள் அது மிகை என்கிறார்கள். பொய்ச் சாட்சி சொன்னால் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியுமே.

வெட்டுக்கிளி வந்தது 1874 கோடையில். ராக்கி மலைப் பள்ளத்தாக்குகளில் முட்டையிட்டுப் பெருகும் ஒரு இனம், வறண்ட வருடங்களில் கூட்டமாகக் கிளம்பி காற்றோடு கிழக்கே பறந்து வரும். கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா, மினசோட்டா எங்கும் இறங்கியது. வெள்ளை மேகம் சூரியனை மறைப்பது போல இருந்தது, பிறகு மேகம் தரையில் கொட்டியது என்றே பலரும் எழுதியிருக்கிறார்கள். மக்காச்சோளம் போனது. தோட்டத்தைக் காக்கப் பெண்கள் போர்வையை விரித்தார்கள், போர்வையையும் தின்றன. வெங்காயத்தை மண்ணுக்குள்ளேயே தின்று குழியை மட்டும் விட்டுப் போயின. வியர்வை உப்பு ஏறிய கருவிகளின் மரப்பிடியைக் கடித்தன. நசுங்கிய பூச்சியின் பிசுக்கில் ரயில் சக்கரங்கள் வழுக்கி நின்றன. கோழிகள் அதைத் தின்று தின்று, இறைச்சியும் முட்டையும் வாயில் வைக்க முடியாதபடி நாறின.

அடுத்த வருடம் நெப்ராஸ்காவின் பிளாட்ஸ்மவுத்தில் ஆல்பர்ட் சைல்ட் என்ற மருத்துவர் தந்தி மூலம் பல ஊர்களில் விசாரித்து, ஒரு கூட்டத்தின் அளவைக் கணக்கிட்டார். 110 மைல் அகலம், 1800 மைல் நீளம். கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் மனிதர்கள் பதிவு செய்த மிகப் பெரிய பூச்சிக் கூட்டங்களில் ஒன்று அது. ராணுவம் பழைய கோட்டுகளையும் பூட்ஸ்களையும் விநியோகித்தது. 1877இல் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது: 16 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வெட்டுக்கிளி ஒழிப்புக்கு வேலை செய்ய வேண்டும், தவறினால் அபராதம். மினசோட்டா ஆளுநர் ஜான் பில்ஸ்பரி அதே வருடம் ஏப்ரல் 26ஐப் பிரார்த்தனை நாளாக அறிவித்தார். பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி அவற்றைச் சமைத்துச் சாப்பிடலாம் என்றார், விருந்து வைத்தும் காட்டினார். விவசாயிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதில் வியப்பான பகுதி, அந்த இனமே பிறகு அழிந்துபோனதுதான். உயிரோடு கடைசியாகக் கிடைத்தவை 1902இல், கனடாவில். எந்த மருந்தும் அடித்து ஒழிக்கவில்லை. மலைப் பள்ளத்தாக்குகளில் குடியேறிய விவசாயிகள், அது முட்டையிடும் ஆற்றோர மண்ணையே உழுது, நீர் பாய்ச்சி, மாடு மேய்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்பதுதான் இன்று பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். தங்களுக்கே தெரியாமல் நடந்த வெற்றி.

பனிப்புயல்களில் 1888 ஜனவரி 12 புயலை மட்டும் சொல்கிறேன். காலையில் அந்தப் பருவத்துக்கு வழக்கமில்லாத வெப்பம், பிள்ளைகள் தடித்த கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பிற்பகலில் வடமேற்கிலிருந்து பனித்தூள் சுவர் போல வந்து மோதியது. நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. 235 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள், அதில் பலர் பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்த குழந்தைகள். பள்ளியும் அரை மைல், ஒரு மைல் தள்ளித்தானே இருந்தது.

இனி மழை. வட அமெரிக்காவின் நடுவே நூறாவது தீர்க்கரேகை வடக்கு தெற்காக ஓடுகிறது. கஸ்டர் கவுண்டியின் மேற்குப் பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஏறத்தாழ அந்தக் கோட்டுக்குக் கிழக்கே வருடத்துக்கு 20 அங்குலத்துக்கு மேல் மழை, மேற்கே அதற்குக் கீழே. 20 அங்குலம் என்பது மானாவாரிப் பயிருக்கு ஏறக்குறைய விளிம்பு. 1820இல் இந்தப் பக்கம் வந்த ஸ்டீபன் லாங்கின் பயணக்குழு வரைபடத்தில் 'பெரும் பாலைவனம்' என்றே எழுதியது. ஆனால் 1870களின் பின்பகுதியிலிருந்து சில வருடங்கள் நல்ல மழை பெய்தது. குடியேற்றமும் அப்போதுதான் பெருகியது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஆகி என்ற பேராசிரியர், உழுத மண் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி மெல்ல ஆவியாக்குகிறது, அதனால் மழை கூடுகிறது என்றார். சார்லஸ் டேனா வில்பர் 1881இல் அதைக் கோஷமாகவே ஆக்கினார்: ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும். ரயில் கம்பெனிகளுக்கு இது தேனாய் இனித்தது. பாதை போட்டதற்காக அரசு அவர்களுக்கு இருபுறமும் ஒன்று விட்டு ஒன்றாக நிலத் துண்டுகளைக் கொடுத்திருந்தது. அதை விற்க வேண்டும், விளைச்சலை ஏற்றிச் செல்லவும் விவசாயி வேண்டும். ஜெர்மன், ஸ்வீடிஷ் என்று பல மொழிகளில் துண்டறிக்கை அடித்து ஐரோப்பாவில் ஆள் பிடித்தார்கள்.

ஒருவர் மட்டும் எதிர்த்துப் பேசினார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பாவெல், 1878இல் வறண்ட நிலங்கள் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 20 அங்குலத்துக்குக் கீழே மழை பெய்யும் இடத்தில் 160 ஏக்கர் என்ற அளவுக்கு அர்த்தமே இல்லை. பாசனம் இருந்தால் 80 ஏக்கர் போதும், இல்லையென்றால் மேய்ச்சலுக்கு 2560 ஏக்கர் வேண்டும். எல்லையைச் சதுரமாகப் போடாமல் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துப் போடுங்கள், ஒவ்வொருவர் நிலமும் ஏதாவது ஓரத்தில் தண்ணீரைத் தொடட்டும். இதுதான் அவர் சொன்னது. நாடாளுமன்றம் கேட்கவில்லை. மேற்கத்திய அரசியல்வாதிகளுக்கு நிறையத் தலைகள் வேண்டும், 2560 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்றால் ஊர் எப்படி வளரும், ஓட்டு எப்படிக் கூடும்? 1893இல் லாஸ் ஏஞ்சலஸ் நீர்ப்பாசன மாநாட்டில், இருக்கும் நிலம் முழுவதற்கும் தண்ணீர் இல்லை, வருங்காலத்துக்கு வழக்கையும் சண்டையையும் சேர்த்து வைக்கிறீர்கள் என்று எச்சரித்தபோது கூட்டம் அவரைக் கூச்சல் போட்டு அடக்கியது.

அரசு செய்தது வேறு. 1873இல் மரம் வளர்ப்புச் சட்டம்: 40 ஏக்கரில் மரம் நட்டால் இன்னொரு 160 ஏக்கர். மரம் மழையைக் கொண்டுவரும் என்ற அதே நம்பிக்கை. நட்ட மரம் காய்ந்தது, 1878இல் 40ஐப் பத்தாகக் குறைத்தார்கள், 1891இல் சட்டத்தையே கைவிட்டார்கள்.

அப்போது மழையும் கைவிட்டிருந்தது. 1890 வறட்சி, 1894 இன்னும் மோசமான வறட்சி. நல்ல வருடங்களில் கிழக்கத்திய வங்கிகள் வலிய வந்து கொடுத்த கடனுக்கு நிலம் அடமானத்தில் இருந்தது. விளைந்த வருடத்தில் விலை இல்லை. நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று மக்காச்சோளத்தையே அடுப்பில் எரித்தார்கள். ரயில் கட்டணம் மட்டும் குறையவில்லை. மேற்குக் கான்சஸிலிருந்து வண்டி வண்டியாகக் கிழக்கே திரும்பினார்கள். 'கடவுளை நம்பினோம், கான்சஸில் கவிழ்ந்தோம்' என்ற பொருளில் வண்டியின் துணிக்கூரையில் எழுதிக்கொண்டார்கள். தங்கியவர்களின் கோபம் அரசியலானது. 1892 ஜூலை 4 அன்று ஒமாஹாவில் கூடிய மக்கள் கட்சி, ரயில்வேயை அரசுடைமையாக்கு, வருமானத்துக்கு ஏற்ப வரி போடு என்று கேட்டது.

எல்லாரும் தோற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1874இல் ரஷ்யப் பேரரசின் உக்ரைன் பகுதியிலிருந்து கான்சஸ் வந்த மென்னொனைட்டுகள் புல்வெளி விவசாயத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த துருக்கிச் சிவப்புக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். பனிக்கு அடியில் கிடந்து, வசந்த மழையில் வளர்ந்து, உச்சக் கோடையின் வெப்பமும் வெட்டுக்கிளியும் வருமுன் அறுவடைக்கு வந்துவிடும். மாவரைக்கத்தான் கடினம், அதற்கு உருளை ஆலைகள் வந்ததும் கான்சஸ் முழுக்கப் பரவியது. ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்களின் சாமானோடு வந்த இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவுக்கு வந்த ஒரு முட்செடி, காய்ந்ததும் வேரறுந்து காற்றில் உருண்டு ஓடும். கௌபாய் படங்களில் வெறிச்சோடிய தெருவில் உருளுமே, அதுதான். அமெரிக்க மேற்கின் அடையாளமாகிவிட்ட களை.

கான்சஸின் நிகோடிமஸ் ஊரையும் சொல்ல வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877இல் நிறுவியது. அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது தரையிலிருந்து எழும் புகையைக் கணவர் காட்டினார் என்றும், மண்ணுக்குள் குடைந்த வீடுகளில் மக்கள் இருப்பதைக் கண்டு தான் அழுததாகவும் பின்னாளில் சொன்னார். முதல் பனிக்காலத்தில் அவர்களுக்கு உணவு கொடுத்து உதவியவர்களில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடிகளும் உண்டு. ஊர் தலைதூக்கியது, பள்ளியும் தேவாலயங்களும் பத்திரிகைகளும் வந்தன. 1888இல் ரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் போனது, கடைக்காரர்கள் பாதைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஊர் இன்றும் இருக்கிறது.

மொத்தத்தில் ஏறத்தாழ 16 லட்சம் பேருக்குப் பட்டா கிடைத்தது. 27 கோடி ஏக்கர், அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. விண்ணப்பித்துவிட்டு விட்டுப் போனவர்களும் அதற்குக் குறைவில்லாத கூட்டம். சட்டம் மெல்ல மெல்லப் பாவெல் சொன்ன திசையில் நகர்ந்தது. 1904இல் மேற்கு நெப்ராஸ்காவுக்கு 640 ஏக்கர், 1909இல் பல மாநிலங்களின் வறண்ட பகுதிகளுக்கு 320. ஆனால் 640ம் நெப்ராஸ்காவின் மணல் மேட்டில் மாடு வளர்க்கப் போதவில்லை, பட்டா வாங்கிய கையோடு பலர் பண்ணைக்காரர்களுக்கு விற்றார்கள். அப்புறம் முதல் உலகப் போரின் கோதுமை விலையும் டிராக்டரும் சேர்ந்து தெற்குப் புல்வெளியில் மிச்சமிருந்ததையும் உழ வைத்தன. 1930களின் வறட்சியில் பிடித்து வைக்க வேர் இல்லாத மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலை இருட்டாக்கிய புழுதிப்புயல் வந்தது, இரண்டு வாரத்துக்குள் மண் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் தனித் துறையே அமைத்தது. கைவிட்ட நிலங்களை அரசு திரும்ப வாங்கிப் புல் விதைத்தது. கான்சஸின் சிமரான், கொலராடோவின் கமான்ச்சி என்ற தேசியப் புல்வெளிகள் அப்படி வந்தவை.

இன்று நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 1000 ஏக்கரை ஒட்டி இருக்கிறது. ஆனாலும் கால்வாசிச் சதுரம் மறையவில்லை. ஃபிராங்க் சைபாக் என்ற விவசாயி 1952இல் காப்புரிமை பெற்ற சுழலும் பாசனக் கருவி, 160 ஏக்கர் சதுரத்தின் நடுவில் கால் ஊன்றி, சுமார் 130 ஏக்கருக்கு வட்டமாகத் தண்ணீர் தெளிக்கிறது. நான்கு மூலைகளும் காய்ந்து கிடக்கும். விமானத்தில் மேலே போனால் சதுரத்துக்குள் பச்சை வட்டம், வரிசை வரிசையாகத் தெரியும். தண்ணீர் வருவது ஓகலாலா என்ற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து. நெப்ராஸ்காவின் மணல் மேட்டுப் பகுதியில் மழை அதை ஓரளவு நிரப்புகிறது. மேற்குக் கான்சஸில் எடுப்பதில் சிறு பங்குகூடத் திரும்ப ஊறுவதில்லை. அங்கே பல கிணறுகளில் நீர் வற்றிவிட, அந்த விவசாயிகள் மறுபடி மானாவாரிக் கோதுமைக்கும் மேய்ச்சலுக்கும் மாறி வருகிறார்கள்.